தோற்ற சீட்டுக்குக் கழிவு இல்லை

நாலாம் மாடிக்குப் போகிறவர்களை முகத்தை வைத்தே சொல்லிவிடுவார் லிஃப்ட்காரர். மற்ற மாடிக்காரர்கள் உள்ளே வந்ததும் கண்ணாடியைப் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொள்வார்கள். நாலாம் மாடிக்காரர்கள் கையிலிருக்கும் பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். அங்கேதான் வருமான வரி அலுவலகம்.

இருபத்திரண்டு வருடமாக அதே லிஃப்ட். இரும்பு மடக்குக் கதவு, பித்தளைக் கைப்பிடி, மூலையில் ஒரு ஸ்டூல். பொத்தானை அமுக்கினால் தானாகப் போகிற ரகம் இல்லை. கைப்பிடியைச் சரியான நொடியில் விடவில்லையென்றால் தரைக்கு அரையடி மேலேயோ கீழேயோ நின்று ஆளைத் தடுக்கிவிடும். அவர் நிறுத்தினால் ஒரு விரற்கடை பிசகாது. கண்ணை மூடிக்கொண்டு நிறுத்துவார். பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் இருப்பார். அந்த நேரத்தில் அவர் வேறொரு வீட்டில் இருப்பார்.

அந்த வீட்டுக்கு இரண்டு ஜன்னல். ஒன்று தோட்டத்தைப் பார்த்து. தோட்டத்தில் என்ன மரம் என்பது வாரத்துக்கு வாரம் மாறும். வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் நிறுத்தத்துத் தொப்பிக்காரனிடம் ஒரே ஒரு லாட்டரிச் சீட்டு வாங்குவார். அன்றிலிருந்து அடுத்த வியாழன் குலுக்கல் வரை ஆறு நாள் அந்த வீட்டில் குடியிருப்பார். வியாழன் சாயங்காலம் காலி செய்வார். வெள்ளி மறுபடி பால் காய்ச்சாத குறையாகக் குடியேறுவார்.

அந்த வியாழக்கிழமை ஓயாத மழை. ஈரக் குடைகளின் வாசனை லிஃப்டுக்குள் கனத்துக் கிடந்தது. கீழ்த்தளத்தில் நிறுத்திவிட்டு, யாரோ விட்டுப்போன மாலைப் பேப்பரில் எண்களைப் பார்த்தார். மூன்றாம் பரிசு, பத்து லட்சம். எண்ணைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். பேப்பரை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

மூன்றாம் மாடியிலிருந்து மணி அடித்தது. கைப்பிடியைத் திருப்பினார். மூன்றாம் மாடி கம்பிகளுக்கு அப்பால் கீழே இறங்கிப் போயிற்று. அங்கே நின்ற டைப்பிஸ்ட் பெண் வாயைத் திறந்தபடி கீழே போனாள். நாலு, ஐந்து, ஆறு. மொட்டைமாடிக்குக் கீழே லிஃப்ட் 'டங்' என்று இடித்து நின்றபோதுதான் அவருக்கு உடம்பு திரும்பி வந்தது.

"என்னண்ணே, தூங்கிட்டீங்களா?" என்றாள் டைப்பிஸ்ட், லிஃப்ட் மறுபடி மூன்றாம் மாடிக்கு இறங்கி வந்தபோது.

"இல்லம்மா," என்றார். "இப்பதான் முழிச்சிருக்கேன்னு நினைக்கிறேன்."

பரிசு விழுந்த ஆள் வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும். அவர் அன்று வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனார். காரணம் இருந்தது.

பதினாலு வருடத்துக்கு முன்னால் ஒருமுறை, மாதச் சம்பளம் முழுவதற்கும் கட்டுக் கட்டாகச் சீட்டு வாங்கிவிட்டார். ஒன்றும் விழவில்லை. மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளிக்கூடக் கட்டணம் போயிற்று, வீட்டு வாடகை போயிற்று. மனைவி ஹோட்டல் துணிகளைத் துவைக்கும் பெரிய சலவை ஆலையில் வேலை பார்த்தாள், இன்றும் பார்க்கிறாள். மூன்று மாதம் இரண்டு ஷிஃப்டு நின்றாள். அசதியில் ஒருநாள் கையைத் துணி தேய்க்கும் நீராவி உருளைக்குப் பக்கத்தில் விட்டுவிட்டாள். முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பு இன்னும் வழவழவென்று இருக்கிறது. "இனிமே தொட மாட்டேன்" என்று மகள்மேல் சத்தியம் செய்தார். ஆறு வாரம் தொடவில்லை. ஏழாவது வெள்ளிக்கிழமை ஒன்று வாங்கினார். ஒன்றே ஒன்றுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த ஒன்று முடியவே இல்லை.

தோற்ற சீட்டுகளைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. வீட்டில் வைத்தால் மாட்டிக்கொள்வார். மொட்டைமாடியில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறைக்குச் சாவி அவரிடம்தான். அங்கே, கிரீஸ் டப்பாக்களுக்குப் பின்னால், இரண்டு பிஸ்கட் தகர டின்களில் பதினாலு வருடம் அடுக்கி வைத்திருந்தார்.

பரிசு அலுவலகத்தில் வழுக்கைத் தலைக் குமாஸ்தா கையைக் குலுக்கிவிட்டு அடுத்த மூச்சிலேயே சொன்னான்: "பத்துன்னு கற்பனை பண்ணாதீங்க. ஏழுக்குக் கொஞ்சம் கீழதான் கைக்கு வரும். வரியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தருவோம்." பணம் வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. பாஸ்புக்கை யூனிஃபார்ம் உள்பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் வீட்டுக்குப் போய் வந்தார். மனைவி போட்ட ரொட்டியையும் முட்டையையும் சாப்பிட்டார். அவள் காலை வெந்நீர் வாளியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். வாயைத் திறப்பார், "மழை விட்டுடுச்சு" என்பார்.

மூன்றாவது வாரம் அவர் நாலாம் மாடிக்குப் போனார். சாப்பாட்டு நேரம். லிஃப்டைப் பூட்டியாயிற்று, ஆகவே படியேறித்தான் போகவேண்டியிருந்தது. இத்தனை வருடம் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கிய வாசலுக்குள் அன்றுதான் முதல்முறையாகக் காலை வைத்தார்.

வெயிலோ மழையோ குடையில்லாமல் வராத ஒரு அதிகாரி அங்கே இருந்தார். குடை மேடம் என்றுதான் லிஃப்ட்காரர் மனசுக்குள் பெயர். ஒன்பது வருடமாகத் தினமும் ஏற்றி இறக்கியவர். மேடம் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

"அட, வாங்க! லிஃப்ட் ரிப்பேரா?"

"இல்ல மேடம். ஒரு சந்தேகம். ஒருத்தருக்கு லாட்டரில பரிசு விழுந்திருக்கு."

"ஒருத்தருக்கா?"

"ஆமா. தெரிஞ்சவர்."

"அந்தத் தெரிஞ்சவர் காக்கிச் சட்டை போட்டிருப்பாரா?"

லிஃப்ட்காரர் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார். மேடம் சிரிக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்கண்ணே. பேப்பர் கொண்டாந்திருக்கீங்களா?"

மடித்து மடித்துத் துணிபோலாகிவிட்ட பிடித்தச் சான்றிதழை நீட்டினார். மேடம் வாசித்தார்.

"சரியாத்தான் பிடிச்சிருக்காங்க. நூத்துக்கு முப்பது, மேல கொஞ்சம்."

"மேடம், என் சம்பளத்துக்கு வரியே கிடையாதே. என் சம்பளத்தைப் பார்த்தா நீங்களே ஏதாவது போட்டுக் குடுத்து அனுப்புவீங்க. அப்படிப்பட்டவனுக்கும் முப்பதா?"

"சம்பளம் வேற, இது வேற. சம்பளத்துக்கு இவ்வளவு வரைக்கும் வரி இல்லைன்னு ஒரு வரம்பு இருக்கு. லாட்டரிக்கு அந்த வரம்பு கிடையாது. முதல் காசுலேர்ந்து முப்பது. கோடீஸ்வரனுக்கும் அதுதான், உங்களுக்கும் அதுதான்."

"செலவு ஏதும் கழிக்க மாட்டீங்களா? கடைக்காரங்க எல்லாம் வாடகை, கரண்டு, ஆள் கூலின்னு கழிக்கிறாங்களே. லிஃப்ட்லயே அதைத்தான் பேசிட்டு வருவாங்க."

"லாட்டரிக்கு ஒரு செலவும் கழிக்க முடியாது. ஜெயிச்ச சீட்டோட விலையைக்கூடக் கழிக்க முடியாது."

அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஜெயிச்ச சீட்டு இருக்கட்டும் மேடம். தோத்த சீட்டு இருக்கு. எழுநூறுக்கு மேல. தேதிவாரியா வெச்சிருக்கேன். அதைக் கொண்டாந்தா?"

மேடம் சான்றிதழைக் கீழே வைத்தார். மூன்று மேசை தள்ளி யாரோ தாளைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

"இதுக்காகவா எடுத்து வெச்சீங்க?"

"இல்ல. தூக்கிப்போட முடியல. அவ்வளவுதான்."

"கழிவு இல்லண்ணே. தோத்தது எங்க கணக்குல வராது. ஜெயிச்சது மட்டும்தான் வரும்." பிறகு, ஏதோ ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்பதுபோல, "பிடிச்ச வரை எல்லாம் சரி. புதுசா கட்ட வேண்டியது ஒண்ணுமில்ல. ஆனா ரிட்டர்ன் தாக்கல் பண்ணி அதுல காட்டிடுங்க. நானே சொல்லித் தரேன். அப்புறம் வீட்டு விலாசத்துக்கு ஒரு கடுதாசி வரும்."

"வீட்டு விலாசத்துக்கா?"

குரல் மாறியதைக் கேட்டு மேடம் நிமிர்ந்தார். "வீட்ல சொல்லலையா?"

அவர் சான்றிதழை எடுத்து மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.

"கடுதாசி சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லிடுங்க," என்றார் மேடம். "எங்க கடுதாசி மொழி அவ்வளவு நல்லா இருக்காது."

அன்று சாயங்காலமே சொன்னார். மழை விட்டு, எதிர்ச் சுவர் ஈரத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது. வீட்டின் ஒரே ஜன்னல் அந்தச் சுவரைத்தான் பார்த்திருந்தது. மனைவி வாளியில் காலை வைத்துக்கொண்டு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். பாஸ்புக்கை விரித்து அவள் மடியில் வைத்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள்.

"யாரோடது இது?"

"நம்மது."

"வங்கிக்காரன் தப்பா போட்டுட்டானா? நாளைக்கே போய்த் திருப்பிக் குடுத்துடுங்க. வம்பு."

"லாட்டரில விழுந்தது."

அவள் கத்தவில்லை. கையிலிருந்த கிழங்கைக் கடைசி வரைக்கும் சீவி முடித்தாள். தோல் ஒரே சுருளாக வாளித் தண்ணீரில் விழுந்து மிதந்தது.

"எப்ப வாங்கினீங்க?"

"போன மாசம்."

"போன மாசம் மட்டுமா?"

அவருக்குப் பொய் வாய்வரை வந்தது. வந்த பொய் அங்கேயே நின்றது. "வாரம் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணுதான். வெள்ளிக்கிழமை."

"எத்தனை வருஷமா?"

"பதினாலு."

"அப்ப சத்தியம் பண்ணினது?"

"ஆறு வாரம் இருந்தேன்."

"ஆறு வாரம்," என்றாள் அவள். பாஸ்புக்கை மூடி அவரிடமே கொடுத்தாள். ஈர விரலின் தடம் அட்டையில் பதிந்திருந்தது. "சந்தோஷப்படணும்னு தோணுது. பத்து லட்சம் விழுந்திருக்குன்னு நாலு பேர்கிட்ட ஓடிப்போய்ச் சொல்லணும்னு தோணுது. ஆனா பாருங்க, உடம்பு எழுந்திருக்க மாட்டேங்குது."

"பத்து இல்ல. வரி போக ஆறு எண்பத்தெட்டு." 

"அது வேறயா?"

"கேட்டுப் பார்த்தேன். தோத்த சீட்டைக் கழிக்க முடியுமான்னு. முடியாதாம். தோத்தது அவங்க கணக்குல வராதாம்."

"தோத்த சீட்டு இருக்கா?"

அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு டின்களும் வீட்டுக்கு வந்தன. அவள் தரையில் ஒரு பழைய போர்வையை விரித்தாள். ஆலையில் துணி பிரிக்கிற கை. கண நேரத்தில் வருடம் வருடமாகப் பிரித்துக் குவித்தாள். பதினாலு குவியல். சிவப்பு, நீலம், பச்சை, கிரீஸ் விரல் பட்ட மஞ்சள். ஏதோ தோட்டம் பூத்ததுபோலத்தான் இருந்தது.

ஒவ்வொரு குவியலிலும் சில தேதிகளில் அவள் கை நின்றது.

"இது பாப்பாவுக்கு டைஃபாய்டு வந்த வாரம்."

"ஆமா."

"இது நான் பல் வலிக்கு ஒத்தடம் குடுத்துக்கிட்டே நாலு நாள் வேலைக்குப் போன வாரம்."

"அந்த வாரம் விழுந்தா உன் பல்லுக்குத்தான்னு நினைச்சு வாங்கினேன்."

"பல் டாக்டர்கிட்ட போயிருக்கலாமே. அவரு குலுக்கல் எல்லாம் போட மாட்டாரே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சிரித்துவிட்டாள், அவளுக்கே பிடிக்காத ஒரு சிரிப்பு. சட்டென்று நிறுத்திக்கொண்டாள். எழுநூற்றுப் பத்தொன்பது சீட்டு. முன்னே இருபது, பின்னே ஐம்பது என்று விலை ஏறியதை எல்லாம் போட்டுப் பார்த்து, ரொட்டி சுற்றி வந்த தாளில் எழுதினாள். இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம் வந்தது.

"ஆபீஸ்காரங்களுக்கு ஜெயிச்சது மட்டும்தான் கணக்கு, இல்ல?"

"அப்படித்தான் மேடம் சொன்னாங்க."

"எனக்குத் தோத்தது மட்டும்தான் கணக்கு. அவங்க பங்கை முதல்லயே பிடிச்சுக்கிட்டாங்க இல்ல? நானும் பிடிச்சுக்கிறேன். இந்த இருபத்திரண்டை முதல்ல எனக்கு எடுத்துக் குடுங்க. என்னத்துக்குன்னு கேக்கக் கூடாது."

"கேக்கல."

"மிச்சத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்."

திங்கள்கிழமை அவர் பணத்தை எடுத்துக் கொடுத்தார். செவ்வாய்க்கிழமை குடை மேடம் சொல்லச் சொல்ல ரிட்டர்னை நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். பிற வருமானம் என்ற இடத்தில் பத்து லட்சம் முழுசாக ஏறியது. பிடித்தம் அதற்குக் கீழே ஏறியது. புதன்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது மனைவி இல்லை. மேசைமேல் சீட்டு இருந்தது, இது லாட்டரி இல்லை: 'ஏரிக்கரை ஹோட்டல்ல மூணு நாள் ரூம் போட்டிருக்கேன். ஆலையில லீவு சொல்லிட்டேன். வர வேணாம். முட்டை இருக்கு.'

ஏரிக்கரை ஹோட்டல் துணிகள் பத்தொன்பது வருடமாக அவள் ஆலைக்குத்தான் வருகின்றன. அந்தப் படுக்கை விரிப்புகளை அவளும் எதிரில் நிற்கும் இன்னொருத்தியும் மூலைக்கு மூலை பிடித்து, உதறி, மடித்து, அடுக்கி அனுப்புவார்கள். ஒரு நாளைக்கு நானூறு. அதில் படுப்பது எப்படி இருக்கும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் கேட்டதும் இல்லை.

வியாழன் சாயங்காலம் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். வேறு ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"அப்பா, அம்மா எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டாங்க."

"என்ன சொன்னா?"

"என்மேல சத்தியம் பண்ணிட்டு எழுநூத்துப் பத்தொன்பது தடவை மீறினீங்களாமே. எனக்கு ஒரு ஜலதோஷம்கூட ஒழுங்கா வந்ததில்ல. உங்க சத்தியத்துக்கு வலுவே இல்லப்பா."

"டைஃபாய்டு வந்துச்சேம்மா."

"அதையேவா நினைச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள். பிறகு, வேறு குரலில், "போய் அம்மாவைப் பாருங்கப்பா."

"வர வேணாம்னு எழுதியிருக்காளே."

"முதல் நாள் எழுதினது அது. இன்னைக்கு ரெண்டாவது நாள்."

ஆனாலும் அவருக்குத் தைரியம் வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் நிறுத்தத்தில் தொப்பிக்காரன் சிரித்தபடி ஒரு பச்சைச் சீட்டைத் தனியாக எடுத்து நீட்டினான். "ராசிக் கை! இந்த வாரம் முதல் பரிசே உங்களுக்குத்தான்." கை சட்டைப்பை வரைக்கும் போயிற்று. அவர் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் வந்தது. ஏறிவிட்டார். பஸ்ஸுக்குள் ஆறு நாளும் வெறுமையாக அவர்முன் கிடந்தன. குடியிருக்க வீடில்லாதவன் மாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலை லீவு சொல்லிவிட்டு, போட்டிருந்த காக்கிச் சட்டையோடேயே ஏரிக்கரைக்குப் போனார். ஏரி முழுக்கப் பனி. அக்கரை எங்கே என்றே தெரியவில்லை. ஹோட்டல் லிஃப்டில் ஆள் கிடையாது. எண்ணை அமுக்கியதும் அதுவே கதவைச் சாத்திக்கொண்டு, அதுவே ஏறி, அதுவே பிசகாமல் நின்றது. 'நல்லாத்தான் நிறுத்துறான்' என்று நினைத்துக்கொண்டு இறங்கினார்.

கதவைத் தட்டினார். மனைவி திறந்தாள். தலையை வாரியிருக்கவில்லை. கன்னத்தில் தலையணை மடிப்பு கோடாக விழுந்திருந்தது. அந்தக் கோலத்தில் பகல் வெளிச்சத்தில் அவளைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அவருக்கு ஞாபகமில்லை.

"வர வேணாம்னு எழுதினேன்ல?"

"எழுதியிருந்தே."

"சரி, உள்ள வாங்க. குளிர் வருது."

அறை வெள்ளையாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பனியும் வெள்ளை, உள்ளே படுக்கையும் வெள்ளை. எங்கே சுவர் முடிகிறது என்பதே நிதானமாகப் பார்த்தால்தான் தெரிந்தது. அவர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்து காலை மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். காலில் வீக்கம் வடிந்திருந்தது. கணுக்கால் எலும்பு தெரிந்தது.

"முதல் நாள் தூங்கவே இல்ல," என்றாள். "விரிப்போட மூலையைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். யாரு மடிச்சதுன்னு. மறுநாள் தூங்கினேன் பாருங்க, ஒன்பது மணி வரைக்கும். எழுந்ததும் ஓடணும்னு கால் பரபரத்துச்சு. எங்க ஓடறது? திரும்பப் படுத்துட்டேன்."

"கனவு ஏதும் வந்துச்சா?"

"ஒண்ணும் வரல. நல்ல இருட்டு. சுகமா இருந்துச்சு." தலையணையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "நீங்க வாரத்துல ஆறு நாள் எங்கெங்கேயோ போய்ட்டு வந்தீங்க. அந்த வீடு, தோட்டம்னு சீட்டு எண்ணின அன்னைக்குச் சொன்னீங்கல்ல. அதுல நான் இருந்தேனா?"

"இருந்தே."

"என்ன பண்ணிக்கிட்டு இருந்தேன்?"

அவர் யோசித்தார். இரண்டாவது ஜன்னலுக்குப் பக்கத்தில் அவள் இருப்பாள். கையில் ஏதோ இருக்கும். நினைவை இழுத்துப் பார்த்தார். "துணி மடிச்சுக்கிட்டு இருந்தே," என்றார்.

"அங்கயுமா?" என்றாள் அவள். கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. "இன்னொரு டிக்கெட் எடுத்திருந்தா என்னையும் ஒழுங்கா கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

ஏரியில் ஏதோ படகின் மோட்டார் பனிக்குள்ளிருந்து கேட்டுக் கேட்டு, நின்றுபோனது.

"ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "மூணு நாளா இது ஒண்ணைத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன். பரிசு விழாம இருந்திருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பீங்களா?"

அவருக்குச் சொல்லத் தெரிந்த பதில்கள் நிறைய இருந்தன. என்றைக்காவது சொல்லியிருப்பேன் என்று சொல்லலாம். சொல்லணும்னுதான் இருந்தேன் என்றும் சொல்லலாம். அவள் கையைப் பார்த்தார். தழும்பின்மேல் ஜன்னல் வெளிச்சம் விழுந்து கிடந்தது.

"மாட்டேன்," என்றார். "சொல்லியிருக்க மாட்டேன். சாகற வரைக்கும் வாங்கிக்கிட்டே இருந்திருப்பேன்."

அவள் விரிப்பின் மூலையை இழுத்து நேராக்கினாள். அவர் எழுந்து போவதா உட்காருவதா என்று தெரியாமல் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நேத்து வெள்ளிக்கிழமை," என்றாள்.

"வாங்கல. கை போச்சு. வாங்கல. அடுத்த வாரத்துக்கு எனக்குச் சொல்லத் தெரியல."

"சத்தியம் ஒண்ணும் பண்ண வேணாம். இனிமே வாங்கினா வீட்டுக்கு வந்து சொல்லிடுங்க. நான் திட்டறேன். திட்டு வாங்கிக்கிட்டுத் தூங்குங்க." நகர்ந்து படுத்தாள். கட்டிலில் பாதி இடம் காலியாயிற்று. "பன்னெண்டு மணிக்கு ரூமைக் காலி பண்ணணும். இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. செருப்பைக் கழட்டிட்டு வாங்க. அந்தக் காக்கிச் சட்டையையும் கழட்டுங்க, வெள்ளை விரிப்பு."

அவர் ஓரமாகப் படுத்தார். துணி முதலில் சில்லென்று இருந்தது, பிறகு உடம்புச் சூட்டை வாங்கிக்கொண்டது. முதுகெலும்பு ஒவ்வொரு கண்ணியாக இறங்கி அமர்ந்தது. மிச்சப் பணத்தில் அவள் ஒரு வருடம் வேலைக்குப் போகாமல் இருக்கலாமே என்று கேட்க நினைத்தார். கேட்டால் என்ன சொல்வாள் என்று நினைத்தார். கேட்பதற்குள் தூங்கிவிட்டார்.

மணி அடித்தது. எந்த மாடி என்று பார்க்கக் கையை நீட்டினார். கைப்பிடி அகப்படவில்லை. பனி கலைந்து, அறைக்குள் நல்ல வெயில் வந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டரை. அவர் பதறி எழுந்து செருப்பைத் தேடினார்.

மனைவி படுத்தபடியே கையை நீட்டித் தொலைபேசியை எடுத்தாள். கண்ணைத் திறக்கவில்லை. அந்தப் பக்கம் மரியாதையாக ஏதோ கேட்டார்கள். அவள் முழுசாகக் கேட்டுக்கொண்டாள். பத்தொன்பது வருடமாக அந்த ஹோட்டலுக்குத் துணி மடித்தவள், அங்கேயே பிறந்து வளர்ந்த குரலில் சொன்னாள்:

"இல்லங்க. இன்னும் ஒரு நாள் இருக்கோம்."